வலது பக்க அறை

சன்ஷைன், மெல்போர்ன்
8 ஜனவரி 1984

அன்பு அக்கா மொடெஸ்டாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் ரோசினாவும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை ஈரத்தில் மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போடாதே என்று ரோசினா எழுதச் சொன்னாள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நம் கோசோவில், கோட்டைக்குள்ளே, தீவின் வரலாற்றுக்காக ஓர் அருங்காட்சியகம் திறக்கப்போகிறார்கள் என்று இங்கே மன்றத்துக்கு வரும் பத்திரிகையில் படித்தோம். பழைய ஏர், தறி, படகு எல்லாம் வைக்கிறார்களாம். நம் ஊரின் இரண்டு வாத்தியக் குழுவுக்கும், நங்கூரத்துக்கும் பனைக்கும், ஆளுக்கொரு அறையாம். படித்த உடனேயே முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் கிளாரினெட் இருக்க வேண்டிய இடம் அதுதான். முப்பது வருஷம் நங்கூரக் குழுவின் முன்வரிசையில் நடந்து ஊதிய மனிதர் அவர். அது ஏன் என் அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடக்க வேண்டும்?

கப்பலில் போட்டுவிட்டேன். உன் பெயருக்குத்தான் வரும். நங்கூரச் செயலாளர் சல்வுக்கு அனுப்பினால் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் தன் தாத்தாவுடையது என்பான்.

நான் கப்பலேறிய அன்று இதை என் கையில் கொடுத்து, “பனைக்காரன் வாசப்படிய மட்டும் இது மிதிக்கக் கூடாதுடா” என்றார் அப்பா. நீ வாக்கப்பட்ட வீடு பனை வீடாகப் போனது, என்ன செய்ய? பெட்டியைப் பிரிக்காமல் வாசலோரமாக வைத்திருந்து கொடுத்துவிடு. சிரிக்காதே.

பிறகு ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து, நங்கூர அறையில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று விவரமாக எழுது. ஒரு படமும் எடுத்து அனுப்ப வேண்டும். மெல்போர்ன் நங்கூரக்காரர் மன்றத்தில் மாட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
விஸ்தின்

*

கோசோ
2 ஏப்ரல் 1984

என் செல்லத் தம்பிக்கு,

சேசுவும் மரியும் உன் வீட்டைக் காக்கட்டும். முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இருவருக்கும் ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான். ரோசினாவிடம் சொல், துணி காயப்போட இப்போது முற்றத்திலேயே கயிறு கட்டிக்கொண்டேன்.

உன் பெட்டி போன வாரம் பத்திரமாக வந்தது. வாசலோரம் வைக்கச் சொன்னாய். நான் உள்ளே கொண்டுபோய் என் கட்டிலின் மேல் வைத்துப் பிரித்தேன். பிறகு அப்பாவின் வாசம் இன்னும் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டைதான் மணந்தது.

அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக வந்திருக்கும் பெண் பெயர் லூர்தெஸ். பெரிய தீவிலிருந்து வந்தவள், மால்டாக்காரி. காற்சட்டை போட்டுக்கொண்டு தானே வண்டி ஓட்டி வருகிறாள். நம் ஊர் வழக்கம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. வலது பக்க அறையின் ஜன்னல் ஒரு சாண் பெரிது என்று நங்கூரக்காரர்கள் சண்டை போட்டு, தங்கள் இடது பக்க அறைக்கு ஒரு விளக்கு கூடுதலாக வாங்கிவிட்டார்கள். இரண்டு கதவையும் சல்வு நாடா வைத்து அளந்தபோது அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

அவள் வீட்டுக்கு வந்து கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போனாள். பனைக் குழு கேட்டுக்கொண்டபடி உன் அத்தான் கிரெட்சுவின் ட்ரொம்போனையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். அவர் போய் இரண்டு வருஷமாக அது அவர் நாற்காலியில்தான் கிடந்தது. இப்போது அந்த நாற்காலியில் பூனை படுக்கிறது.

புது ஆட்டுப்பால் கட்டி செய்தேன். உனக்குப் பார்சல் கட்ட முடியாத பொருள், அதனால் உன் பங்கையும் நானே தின்றேன்.

அன்புடன்,
அக்கா மொடெஸ்டா

*

சன்ஷைன்
20 ஏப்ரல் 1984

அன்பு அக்காவுக்கு,

பெரிய வெள்ளி இன்று. இங்கே கார் நிறுத்தும் மைதானத்தைச் சுற்றிச் சிலுவைப்பாதை நடந்தது. நாங்கள் நலம். உன் நலத்துக்கும் சேர்த்து மண்டியிட்டேன்.

உன் கடிதத்தை மன்றத்தில் வாசித்துக் காட்டினேன். கட்டிலின் மேல் வைத்ததை மட்டும் வாசிக்கவில்லை. சல்வு கதவை அளந்த கதைக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீங்கள் அந்தப் பெண்ணை ஏமாளியாக்கிவிடாதீர்கள். அப்பாவின் கிளாரினெட் சிவப்புக் கொடிக்குக் கீழே, நடு இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல். படத்துக்குச் சட்டம் செய்ய ஆள் பிடித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரரின் ட்ரொம்போனும் நல்ல இடத்துக்குப் போனதில் சந்தோஷம். எந்த அறையானால் என்ன, மனிதர் நன்றாக வாசிப்பார். இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே.

தம்பி,
விஸ்தின்

*

கோசோ
10 ஜூன் 1984

அன்புத் தம்பிக்கு,

நீயும் ரோசினாவும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்கிறீர்களா? இங்கே ஊறுகாய்க்குக் கேப்பர் மொட்டு பறிக்கும் காலம். விரலெல்லாம் முள்.

திறப்பு விழா நடந்தது. ஆயர் வந்து தீர்த்தம் தெளித்தார். பாவம், அவருக்கு இருமல். ஒவ்வொரு ‘ஆமென்’னுக்கும் ஒரு இருமல். நங்கூரக்காரர்கள் காலையில் வந்தார்கள், பனைக்காரர்கள் மாலையில் வந்தார்கள், ஆயர் இரண்டு வேளையும் அதே பிரசங்கம் செய்தார். பாலாடைப் பணியாரம் காலையில் தீர்ந்துபோனதால் பனைக்காரர்களுக்கு வெறும் வைன்தான். அதற்கு ஒரு வாரம் சண்டை. தறி வைத்திருக்கும் கூடம் நன்றாக இருக்கிறது. அத்தை வீட்டு மாவரைக்கும் கல்லைக்கூட வைத்திருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்து நாம் அத்திப்பழம் தின்போமே, அதே கல். இப்போது தொடக் கூடாதாம்.

எனக்குக் கொஞ்சம் களைப்பு. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

சன்ஷைன்
28 ஜூன் 1984

அன்பு அக்கா,

சுகமா? களைப்பு என்று எழுதியிருந்தாய், டாக்டரைப் பார்த்தாயா?

பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு விஷயம் சொல். ஆயரின் இருமலைப் பற்றி இவ்வளவு எழுதினாய். பணியாரம் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். அப்பாவின் கிளாரினெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைத்தார்களா, இல்லையா? சல்வுவும் எனக்கு எழுதியிருக்கிறான். பெட்டி வந்துவிட்டதா என்று உன்னைக் கேட்டானாம். “ஆஸ்திரேலியக் கப்பல்தானே, ஆடி அசைஞ்சு வரும்” என்றாயாம். வந்து மூன்று மாதம் ஆகிறதே அக்கா.

இங்கே ஒவ்வொரு ஞாயிறும் “படம் எங்கடா?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

தம்பி,
விஸ்தின்

*

கோசோ
6 ஆகஸ்ட் 1984

அன்புத் தம்பிக்கு,

கோபக்காரா, நலமா? எனக்குக் களைப்பு தீர்ந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாமல் தக்காளி ரொட்டி எப்படித் தின்பது என்று கேட்டேன், ரொட்டியையும் குறைக்கச் சொன்னார்.

இதோ படம். லூர்தெஸ் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிளாரினெட் எப்படிப் பளபளக்கிறது பார். கட்டைகளையெல்லாம் அவளே எண்ணெய் போட்டுத் துடைத்தாளாம். கிட்டே வைத்து எடுக்கச் சொன்னேன், உனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

நங்கூரத் திருவிழா போன மாதம் அமர்க்களமாக நடந்தது. எங்கள் தெருக்காரர்கள் வழக்கம்போல ஜன்னலைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். முழங்காலைக் காரணம் சொல்லி நான் வீட்டிலேயே இருந்தேன். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிவப்புக் கொடி போவதைக் கேட்டேன். பார்க்கவில்லை, கேட்டேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ரோசினாவுக்கு முத்தம்.

அக்கா

*

சன்ஷைன்
2 செப்டம்பர் 1984

அக்கா,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

படத்துக்குச் சட்டம் போட்டு, மன்றத்தில் கொடிக்கு அருகே மாட்டினோம். ரோசினா தேன்வளையம் சுட்டுக்கொண்டு வந்தாள். நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன், கண் கலங்கியது. எல்லாம் முடிந்து கேக் வெட்டும்போது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வென்சு கேட்டார்: “விஸ்தினு, இது என்னடா, அடியில விரிச்சிருக்கறது பச்சையா இருக்கு?”

பார்த்தேன். மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு வெல்வெட். பச்சை. அதற்கு மேலே மஞ்சளாய் ஒரு வளைவு, பித்தளைக் குழாய் மாதிரி.

நங்கூர அறையில் பனைக்காரன் நிறத்தில் பச்சை வெல்வெட் எங்கிருந்து வந்தது? நம் ஆட்கள் வீட்டில் பச்சைத் திரைகூடப் போட மாட்டார்கள். அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று எழுது. எழுதாவிட்டால் சல்வுக்கு எழுதி, போய்ப் பார்க்கச் சொல்வேன். அப்பாவின் பெயரை ஊர் சிரிக்க விடமாட்டேன்.

விஸ்தின்

*

சன்ஷைன்
14 அக்டோபர் 1984

அன்பு அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரன் எங்கள் தெருவுக்குள் வந்தாலே ரோசினா வாசலுக்கு ஓடுகிறாள். போன கடிதத்தில் உனக்கு ஓர் ‘அன்பு’கூடப் போடவில்லை என்று என்னைத் திட்டினாள். இப்போது போட்டிருக்கிறேன்.

பச்சையை விடு. சிவப்பை விடு. நீ நன்றாக இருக்கிறாயா? விழுந்து கிழுந்து விட்டாயா? பக்கத்து வீட்டில் யாரையாவது ஒரு வரி எழுதச் சொல். சல்வுக்கு எழுதிவிட்டேன், ஆனால் உறை இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. உன் பதில் வராமல் போடமாட்டேன்.

உன் தம்பி,
விஸ்தின்

*

கோசோ
29 அக்டோபர் 1984

என் அன்புத் தம்பி விஸ்தினுக்கு,

விழவில்லை. நோயில்லை. மழை வந்துவிட்டது, கிணறு பாதி நிறைந்துவிட்டது. ரோசினாவை இனி தபால்காரன் பின்னால் ஓட வேண்டாம் என்று சொல். எழுதாமல் இருந்தது பயத்தால். எழுபது வயதை எட்டப்போகிறவள் தம்பிக்குப் பயந்து ஒளிந்திருந்தேன்.

கிளாரினெட் வலது பக்க அறையில் இருக்கிறது. பனை அறையில். கிரெட்சுவின் ட்ரொம்போனுக்குப் பக்கத்தில், ஒரே பெட்டியில், பச்சை வெல்வெட்டின் மேல்.

நான் வைக்கச் சொல்லவில்லை. திறப்பு விழாவன்று இடது பக்க அறையில்தான் முதலில் தேடினேன். காணோம். சரி, அவருடையதையாவது பார்ப்போம் என்று வலது பக்கம் போனால், இரண்டும் சேர்ந்து படுத்திருக்கின்றன. லூர்தெஸ் வந்து, “ரெண்டும் உங்க வீட்லேருந்துதானம்மா எடுத்தேன். அதான் சேத்து வச்சுட்டேன். சரியா இருக்கா?” என்று கேட்டாள்.

நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே இரண்டு குழுவின் வாத்தியமும் இருக்காது என்று. பெரிய தீவிலிருந்து வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “சரியா இருக்கு” என்றுதான் வாயில் வந்தது.

இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நங்கூரக்காரன் எவனும் வலது பக்க அறையில் கால் வைக்கமாட்டான். பனைக்காரர்களுக்கோ கிளாரினெட் என்றால் ஏதோ ஒரு கிளாரினெட். அருங்காட்சியகத்தில் பூட்டே தேவையில்லாத பெட்டி அது ஒன்றுதான்.

விஸ்தின், எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷமே நீ கப்பலேறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. அப்பா என்னை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “நீ வா. அவன் எதுக்கு?” என்பார். அவர் சாகும்வரை ஞாயிறு தவறாமல் போனேன். கிரெட்சு என்னைக் குழாயடி முனைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேயே நிற்பார், சிகரெட் பிடித்தபடி. மழை வந்தாலும் நிற்பார். ஜன்னலைத் திறந்தால் அவர் தெரிவார் என்பதால் அப்பா அந்த ஜன்னலைத் திறக்கமாட்டார். நடுக்கோடையில் சாத்திய அறையில் வியர்த்து வழிய உட்கார்ந்து, “காத்தே இல்ல” என்பார். நான் இங்கே விசிறுவேன், அங்கே கிரெட்சு வெயிலில் நிற்பார்.

இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் என் தலையெழுத்து. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு அப்பாமேல் ஒரே ஒரு வருத்தம்தான், இன்றுவரை போகவில்லை. என் கல்யாணத்துக்கு வராதது பெரிதில்லை, அவர் எப்படி வருவார்? பெண்ணின் ஊர்வலம் அடுத்த தெருவில் போகும்போது மனிதர் தூங்கிக்கொண்டிருந்தாரே. நீதான் சொன்னாய். கோபமாகச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமைகளில் கூட்டம் இருக்காது. நான் போய் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்காருவேன். லூர்தெஸ் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். உயிரோடு இருந்தபோது ஒரு மேசையில் உட்கார வைக்க முடியாத இரண்டு பேரை இப்போது ஒரே இடத்தில் பார்க்கிறேன். எழுந்து போகவும் முடியாது அவர்களால்.

கிளாரினெட் உன்னுடையது. சல்வுக்கு நீ போடும் அந்த உறை போதும், மறுநாளே தூக்கி இடது பக்கம் வைத்துவிடுவார்கள். ஊர் ஆறு மாதம் சிரிக்கும், நான் அதோடு அங்கே போகமாட்டேன். உன் வாக்கு உனக்குப் பெரிது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும், விட்டுவிடேன்.

உன் அக்கா,
மொடெஸ்டா

*

சன்ஷைன்
25 நவம்பர் 1984

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலம் என்று தெரிந்ததும் ரோசினா மெழுகுவத்தி ஏற்றினாள். உன் கடிதத்தை மன்றத்தில் வாசிக்கவில்லை. ரோசினாவிடம் வாசித்தேன், பாதியில் அவள் வாங்கி மீதியை வாசித்தாள்.

சல்வுக்கு எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டேன். போன ஞாயிறு மன்றத்தில் எழுந்து நின்று, அந்தப் பச்சை, படம் எடுக்கும்போது என் அக்காவின் கோட்டு கண்ணாடியில் பட்ட நிழல் என்று சொல்லிவிட்டேன். வென்சு, “நங்கூரத்தான் மகளுக்குப் பச்சைக் கோட்டு எதுக்கு?” என்றார். “கட்டிக்கிட்டவருக்காகப் போட்டுக்கிட்டாங்க, உமக்கென்ன?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. படம் அதே இடத்தில் தொங்குகிறது.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படி.

உன் கல்யாணத்தன்று அம்மா மட்டும் பக்கவாசல் வழியாகக் கோயிலுக்கு வந்தாள். நான் அப்பாவுக்குத் துணையாக வீட்டில் இருந்துவிட்டேன். எனக்கு அப்போது இருபது வயது, அவரைவிடப் பெரிய நங்கூரக்காரன் நான். ஆட்டுக்குத் தழை போடு என்று என்னை முற்றத்துக்கு அனுப்பினார். போட்டுக்கொண்டிருக்கும்போதே பனைக் குழு உன்னை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் வருவது கேட்டது. அவர்கள் நடைப்பாட்டை ஊதிக்கொண்டு வந்தார்கள். அத்தானின் ட்ரொம்போன் தனியாகக் கேட்டது. அப்பா என்ன செய்வாரோ என்று பயந்து மாடிக்கு ஓடினேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. அப்பா கட்டில் விளிம்பில், செருப்பில்லாமல், கிளாரினெட்டை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். சத்தம் ஜன்னலைத் தாண்டாதபடி, மூச்சை அடக்கி அடக்கி. நங்கூரப் பாட்டை ஊதி அவர்கள் சத்தத்தை அமுக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை அக்கா. அவர்களுடைய பாட்டையே அவர்களோடு சேர்ந்து ஊதினார். இரண்டாம் கிளாரினெட்டுக்கு உள்ள பகுதியை, மணப்பெண்ணுக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள் ஊதுவதை. காறித் துப்பாமல் அந்தப் பாட்டின் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர், எப்போது கற்றாரோ, ஓரிடத்தில்கூடத் தப்பாமல் ஊதினார். நீங்கள் கோயில் முனையில் திரும்பி, சத்தம் அடங்கும்வரை கூடவே வந்தார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “எவனாச்சும் கேட்டா அப்பா தூங்கிட்டிருந்தாருன்னு சொல்லு” என்றார். எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். அடுத்த ஞாயிறு நீ வந்து கேட்டாய், உன்னிடமும் சொன்னேன். நங்கூரத்தான் வாக்கு மாறக் கூடாது என்று இத்தனை வருஷமும் அதையே காப்பாற்றி வந்தேன், மடையன் நான்.

வியாழக்கிழமை போகும்போது அவரிடம் சொல்லிவிடு, தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று. திட்டினால் திட்டட்டும். அத்தானுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல். உன் கல்யாணத்தன்று அப்பா தூங்கவில்லை, அக்கா.

உன் தம்பி,
விஸ்தின்